வினிதா கேட்ட நிறம்

புதன்கிழமை சாயங்காலம் ஐந்தரை ஆனால் வினிதா என் வீட்டு மாடிப்படியின் ஏழாவது படியில் இருப்பாள். எட்டாவது படிக்குப் போனால் டவர் கிடைக்காது. ஆறாவது படிக்கு இறங்கினால் என் அடுப்புத் தாளிப்பு அவள் மூக்கில் ஏறும். மடியில் முருங்கைக்கீரை, பக்கத்தில் ஸ்பீக்கரில் போட்ட போன். கை கீரையை உருவிக்கொண்டே இருக்கும், வாய் பெங்களூரில் இருக்கும் ராஜ்குமாரோடு சண்டை போட்டுக்கொண்டே இருக்கும்.

"டேய், போன தடவ மாதிரி குதிரப்படைய ஆத்துல எறக்கிட்டு ஜெயிச்சேன்னு பீத்தாத. இந்தத் தடவ ஆறு தாண்டுனா பாதிப் படை களைச்சுப் போயிருமாம். போட்டுருக்கான் பாரு."

"அப்ப நான் பாலம் கட்டுவேன்டி."

"பாலம் அடுத்த வாரந்தான் சொல்லுவான். அதுவரைக்கும் அக்கரையிலயே நில்லு."

இவ்வளவு சண்டையும் இன்னும் வெளிவராத ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு. எழுநூறு வருஷத்துக்கு முந்தைய உலகம் முழுவதும் அதில் வரைபடமாக இருக்குமாம். ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு, நூற்றுக்கணக்கான வருஷம் அதை அழியாமல் ஆளவேண்டுமாம். எங்கோ ஒரு குளிர் தேசத்தில் அதைச் செய்கிறவர்கள், என்னென்ன புதிதாக வரப்போகிறது என்று புதன்கிழமைதோறும் கொஞ்சம் காட்டுவார்கள். கொதிக்காத உலையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு உப்புப் பற்றவில்லை என்கிறார்கள் இந்தப் பிள்ளைகள்.

எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் அந்தப் படத்துக்கு எழுத்து எதற்கு? ராஜாவுக்கு ஒரு நிறம், அவ்வளவுதான். கிருஷ்ணகிரி, ஓசூர், அதற்கு மேலே கன்னட நாடு எல்லாம் ஒரே மாம்பழ மஞ்சள். யாரோ ஒரு பெரிய ராஜாவுடைய மஞ்சள். "இதுல நம்ம ஏரி இருக்கா?" என்று நான் வாராவாரம் கேட்பேன். "அடுத்த வாரம் சொல்லுவாங்க பாட்டிம்மா" என்பாள், சலிக்காமல்.

அறந்தாங்கிப் பக்கத்துப் பெண். வயது இருபத்தொன்பது. சிப்காட்டில் பல்சக்கரம் செய்யும் கம்பெனியில் சோதித்துப் பார்க்கிற வேலை. தலைமுடியில் பாதி அகலத்துக்குக் கீறல் இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. கடையில் எவர்சில்வர் டம்ளர் வாங்கினாலும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள்; கடைக்காரன் முகம் சுருங்கிப் போகும். பார்ப்பதற்கு முன்னால் துடைப்பாள். "அழுக்கும் கீறல் மாதிரிதான் தெரியும் பாட்டிம்மா. தொடைச்சுப் பாக்காம எதையும் தள்ளக் கூடாது."

அவளோடு மாடி அறையில் தங்கியிருக்கும் தமிழ்செல்விக்கு இதெல்லாம் பிடிக்காது. "மாப்ள போட்டோ வந்து மூணு நாளாச்சு. அதப் பெருசாக்கிப் பாக்க மாட்டேங்குற. இந்த மேப்ப மட்டும் வெரலு தேயத் தேயப் பெருசாக்குற."

"மாப்ள தெளிவா இருக்காருடி. மேப்புதான் சரியில்ல."

சரியில்லாதது அந்த மஞ்சள்தான்; இந்த மலைப்பக்கத்தைத் தனியாக ஆண்டவர் ஒருவருமே இல்லாத மாதிரி. பர்கூர் இன்ஜினியரிங் காலேஜில் படிக்கும்போது பழைய விளையாட்டை இவளும் ராஜ்குமாரும் சேர்ந்து ஆடியிருக்கிறார்கள். அவன் எடுப்பது எப்போதும் பெரிய நாடு. இவள் தேடித் தேடிப் பொடி நாடாக எடுப்பாள்; இரண்டு பெரியவர்களுக்கு நடுவில் கப்பம் கட்டி, பெண் கொடுத்து, சாக்குச் சொல்லித் தப்பித்துக் கிடப்பாள். "பெருசாகணும்னு இல்லடா. இருக்கணும். அவ்ளோதான்" என்று அவள் சொல்வதை நான் நூறு தடவை கேட்டிருப்பேன். ஓசூருக்கு வந்து எட்டு வருஷம், என் வீடு ஐந்தாவது வீடு. ரேஷன் கார்டு ஊரில். ஊருக்குப் போனால் ஓசூர்க்காரி வந்துவிட்டாள் என்கிறார்களாம். இங்கே தெருக்குழாயில் அவளைத் தெக்கத்திப் பொண்ணு என்கிறார்கள்.

படத்தில் தப்பு இருந்தால் சாட்சியோடு எழுதுங்கள், பார்க்கிறோம் என்று அந்தக் குளிர்தேசத்துக்காரர்கள் சொன்னார்களாம். இந்த மலைப்பக்கத்துக்குத் தனியாக ஒரு நிறம் வேண்டும் என்று கேட்கப்போகிறேன் என்றாள். ராஜ்குமார் விழுந்து விழுந்து சிரித்தான்.

"அது காடுடி. அங்க யானைதான் இருந்துச்சு. யானைக்கு ஒரு கலர் கேப்பியா?"

"கேப்பேன்."

சாட்சிக்கு என்ன செய்வாள்? பேரிகைப் பக்கம் ஒரு கொல்லையில் எழுத்து வெட்டின வீரக்கல் இருக்கிறதென்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை, ஷிப்ட் முடிந்த கையோடு கிளம்பினாள். நான் தனியாக விடவில்லை. வேண்டாம் வேண்டாம் என்றாள். நான் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டேன்.

கொல்லைக்காரர் ஆஞ்சப்பன் எங்களைக் கல்லின் பக்கமே விடவில்லை. வினிதா போனைத் தூக்கினதும் குறுக்கே வந்து நின்றார். "எடம் எடுக்க வந்தீங்களா? போன வருஷம் இப்பிடித்தான் ரெண்டு பேர் போட்டோ புடிச்சாங்க. அப்புறம் அளவுக்கல்லு நட்டுட்டுப் போனாங்க. எந்தக் கம்பெனிம்மா?"

"கம்பெனி இல்லீங்கய்யா. ஒரு வெளையாட்டுக்கு."

"வெளையாட்டுக்கு எதுக்கும்மா எடம்?"

அப்போதுதான் அவர் பார்வை தன் கழுத்தில் இருப்பதைப் பார்த்தாள். வேலைக்குப் போட்டுப்போன கம்பெனி அடையாள அட்டை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். செருப்பையும் கழற்றிவிட்டாள். "எடத்த எடுக்க வரலீங்கய்யா. இங்க ஒருத்தர் இருந்தார்னு எழுதத்தான் வந்தேன்."

ஆஞ்சப்பன் அவள் வெறுங்காலைப் பார்த்தார். பிறகு அவரே ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்தார். "எங்களுக்கு இவரு வேடியப்பன் சாமி. வெளக்கு வெப்போம். பேரு ஊரெல்லாம் தெரியாது."

எண்ணெய்ப் பிசுக்கும் மஞ்சளுமாக இருந்த கல்லில் தண்ணீரை ஊற்றி, துப்பட்டா முனையால் வினிதா துடைத்தாள். வில் பிடித்த கை தெரிந்தது. இன்னும் துடைத்தாள். காலடியில் நாலு வரி எழுத்து எழும்பியது. படம் எடுத்து அனுப்பினதை, கல்லெழுத்துப் படிக்கத் தெரிந்த யாரோ படித்துச் சொன்னார்களாம்: எழுநூறு வருஷத்துக்கு முன்னால் இந்த மலைப்பக்கத்தை ஆண்ட இன்னாருடைய காலத்தில், மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்கு வைத்த கல். "ராஜா இல்ல பாட்டிம்மா, குட்டித் தலைவர்தான். ஆனா இருந்திருக்காரு!" என்று படியில் இருந்து கத்தினாள். அவள் எழுதி அனுப்பியதற்குப் பார்க்கிறோம் என்று ஒரு வரி பதில் வந்தது. அதன்பிறகு ஏழு புதன்கிழமை போயிற்று. கப்பல் காட்டினார்கள், சந்தை காட்டினார்கள், கல்யாணம் காட்டினார்கள். நாடுகளின் படத்தை மட்டும் காட்டவில்லை.

போன புதன்கிழமை காட்டினார்கள். இதுதான் கடைசிப் படம், இதற்குமேல் மாற்றமில்லை என்று சொல்லிவிட்டார்களாம்.

"என்னடி, யானைக்குக் கலர் கெடச்சுதா?" என்றான் ராஜ்குமார் ஸ்பீக்கரில். நான் கரண்டியோடு ஏழாவது படிவரை ஏறிவிட்டேன். வினிதா இரண்டு விரலால் படத்தை விரித்தாள், மஞ்சள். இன்னும் விரித்தாள்; திரை முழுக்க அதே மாம்பழ மஞ்சள். ஓரத்தில், இந்த மலைப்பக்கம் வரவேண்டிய இடத்தில், கடுகை விடச் சின்னதாக, பச்சையாக ஒன்று.

"கீரையா இருக்கும்" என்றேன். மடியெல்லாம் உதிர்ந்துதானே கிடந்தது.

"ஏய், லைன்ல இருக்கியா?" என்றான் அவன்.

துப்பட்டா முனையால் திரையைத் துடைத்தாள். பச்சை அங்கேயே இருந்தது. துப்பட்டாவின் மறுபக்கத்தைத் திருப்பி, இன்னொரு தடவை துடைத்தாள்.