நிற்கத் தெரிந்த ரயில்

சென்ற மாதம் என் மகள் என்னை ஒரு மாதிரி ரயில் கண்காட்சிக்கு அழைத்துச் சென்றாள். குளிரூட்டிய மண்டபம். மேசைக்கு மேசை மலைகளும் பாலங்களும், அவற்றினூடே சுண்டுவிரல் பருமனில் ஓடும் வண்டிகளும். கைப்பேசியைத் தொட்டால் ரயில் கிளம்புகிறது, மறுபடி தொட்டால் நிற்கிறது. இவ்வளவும் செய்யக் கற்ற பிள்ளைகளை இறைவன் வாழவைக்கட்டும் என்று மனத்துக்குள் வாழ்த்தியபடிதான் நின்றிருந்தேன். அப்போது, குழந்தையைத் தோளில் ஏற்றியிருந்த ஒருவர் ரயில் ஓட்டிய இளைஞனிடம், இரண்டு வண்டிகளையும் ஒருமுறை மோத விடுங்கள், பையன் பார்க்க ஆசைப்படுகிறான் என்றார். சுற்றியிருந்தவர்கள் அதைக் கேட்டு ஆவலோடு நெருங்கினார்கள்.

நான் அந்த மனிதரிடம் பேசியது சற்று அதிகம்தான். மகள் என் முழங்கையைப் பற்றி வெளியே அழைத்து வந்து, பொம்மை ரயிலுக்காகவா இத்தனை கோபம் என்று கேட்டாள். நாள்தோறும் பதிகம் ஓதும் வாயில் அத்தகைய சொற்கள் வரலாமா என்று யாரேனும் கேட்டால், வரலாம் என்றே சொல்வேன். ஆண்டவனையே எதிரே நிறுத்தி வைத அடியார்களின் பாட்டைத்தான் நான் ஓதுகிறேன். சினம் கொள்ளவேண்டிய இடத்தில் சினம் கொள்வதும் வழிபாட்டில் சேர்ந்ததே. மகளிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ராயபுரத்தில் ரயில்வே குடியிருப்பில் எங்கள் வீடு. துறைமுகத்துக்குச் செல்லும் சரக்குப் பாதையில், தண்டவாளத்தோரம் மாடிபோல் உயர்ந்து நிற்கும் கேபின் அறையில் அப்பாவுக்கு வேலை. அந்த அறைக்குள் ஆளுயர இரும்பு லீவர்கள் வரிசையாக நிற்கும். ஒன்றை இழுத்தால் தொலைவில் தண்டவாளம் பிரியும். மற்றொன்றை இழுத்தால் கைகாட்டி இறங்கி, வண்டிக்கு வழிவிடும். ஆனால் பாதை சரியாக அமையாதவரை, கைகாட்டி லீவரை எந்தப் பலசாலி இழுத்தாலும் அது அசையாது. அடியில் ஒரு பூட்டு அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். சாப்பாடு கொண்டுபோன நாளிலெல்லாம் நான் வியந்து பார்த்தது ரயிலை அன்று, அந்தப் பூட்டைத்தான். மனிதன் தவறு செய்யவே முனைந்தாலும் இரும்பு இடங்கொடுக்காது. திருவருள் என்று பெரியவர்கள் சொல்வது இப்படி ஒன்றாகத்தான் இருக்கவேண்டும் என்று அப்போது எண்ணிக்கொண்டேன். அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ள இன்றுவரை காரணம் கிடைக்கவில்லை.

ஆகவே எங்கள் குடியிருப்பு மன்றத்தில் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளின் கைவேலைக் கண்காட்சி என்று அறிவித்தபோது, நான் ரயில் செய்வதென்று முடிவு செய்தேன். துறைமுகத்தில் சரக்கு இறக்கும் வேலையிலிருந்த தாய்மாமன், கப்பல் பெட்டியின் பலகை ஒன்றைத் தலையில் சுமந்துவந்து போட்டார். படுத்தால் என் உயரம் இருந்தது. பழைய குடைகளின் கம்பிகள் தண்டவாளமாயின. தீக்குச்சிகள் குறுக்குக் கட்டைகள். ஜல்லிக்குப் பதிலாக அடுப்புக்கரியை இடித்துத் தூவினேன். பிஸ்கட் டப்பாத் தகரத்தில் பெட்டிகள். மணியடிக்காத அலாரம் கடிகாரம் ஒன்றை மாமன் எங்கிருந்தோ கொண்டுவந்தார். எங்கிருந்து என்று கேட்கக்கூடாது என்பது வீட்டு வழக்கம். அதன் சக்கரங்கள் என் எஞ்சினுக்குள் சென்றன. சாவி கொடுத்தால் எஞ்சின் தானே ஓடும்.

இவையெல்லாம் எந்தப் பிள்ளையும் செய்யக்கூடியவை. என் பெருமை பலகைக்கு அடியில் இருந்தது. துளையிட்ட தகரப் பட்டை ஒன்று, அதற்கு மேலே ஓர் ஆணி. பாதை சரியாக அமைந்தால்தான் துளை ஆணிக்கு நேரே வரும்; அப்போதுதான் கைகாட்டியை இறக்கமுடியும்; அது இறங்கினால்தான் எஞ்சினைத் தடுத்து நிற்கும் முளை தாழும். மூன்று முறை பிழையாகி, நான்காம் முறை அது படிந்தது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மகிழ்ச்சியாலும் சோறு இறங்காமல் போகும் என்று அன்றுதான் கண்டேன்.

அந்த மாதம் முழுவதும் அப்பா வீட்டிலேயே இருந்தார். விடுப்பு என்று சொன்னார்கள். நான் பலகையோடு மல்லுக்கட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், கை வைக்கமாட்டார். அது விடுப்பு அன்று என்பதைப் பல ஆண்டுகள் கழித்து அம்மா சொல்லித்தான் அறிந்தேன். நடந்தது இதுதான். மேலதிகாரி ஒருவரின் ஆய்வுப் பெட்டி கைகாட்டிக்கு வெளியே வெயிலில் நின்றது. உள்ளே, நிலக்கரி வண்டி ஒன்றின் கடைசிப் பெட்டிகள் பாதையை இன்னும் கடக்கவில்லை. பொறுக்கமாட்டாத அதிகாரி ஆளனுப்பி, பூட்டைக் கழற்றிக் கைகாட்டியை இறக்கும்படி சொல்லியிருக்கிறார். அப்பா மறுத்துவிட்டார். கரிவண்டி முழுவதும் கடந்தபின்னரே இறக்கினார். மறுநாள் கீழ்ப்படியாமை என்று குற்றம் சாட்டித் தாள் வந்தது. விசாரணை முடியும்வரை கேபின் படி ஏறக்கூடாது. வேலை இருக்குமா போகுமா என்பது அதே அதிகாரியின் கையெழுத்தில் தொங்கியது. வேலை போனால் வீடும் போகும். அது வேலையோடு வந்த வீடு. எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. அப்பா பகலிலும் வீட்டில் இருக்கிறார் என்ற ஒரே களிப்பில் நான் ஆணி அடித்துக்கொண்டிருந்தேன்.

கண்காட்சியில் சோப்பில் செதுக்கிய தாஜ்மகால் இருந்தது, சிப்பியில் செய்த மாதா கோயில் இருந்தது, என் ரயில் இருந்தது. திறந்துவைக்க வந்தவர் அந்த அதிகாரிதான். அப்பா சலவைச் சட்டை அணிந்து சுவரோரமாக நின்றார்.

என் காட்சியின் முறை இது. பயணி வண்டி கைகாட்டியருகே நிற்கும். நான் கைப்பிடியைச் சுற்ற, நூலில் கட்டிய கரிவண்டி மெல்ல மெல்லப் பக்கத்துப் பாதைக்குள் ஒதுங்கும். இரண்டு நிமிடம் ஆகும். கடைசிப் பெட்டி கடந்தபின் பாதை மாறும், பூட்டு விடும், கைகாட்டி இறங்கும், வண்டி கிளம்பும். ஓடுவதைக் காட்ட நான் அந்த ரயிலைச் செய்யவில்லை. நிற்பதைக் காட்டத்தான் செய்தேன்.

அதிகாரி வந்து நின்றார். நான் கைப்பிடியைச் சுற்றத் தொடங்கினேன். சிறிது நேரம் பார்த்துவிட்டு, "என்னம்மா, உன் ரயில் ஓடாதா?" என்றார்.

"ஓடும் சார். லைன் கிளியர் ஆவட்டும்."

மன்றத்துச் செயலாளர் என் காதருகே குனிந்து, "ஐயா எவ்ளோ நேரம் நிப்பாரு? வுடு பாப்பா," என்றார்.

"கடசிப் பொட்டி இன்னும் தாண்டலையே."

நான் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. அதிகாரி நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தார். சுவரோரம் நின்ற அப்பாவிடம் அவர் பார்வை நின்றது. "இது உன் பொண்ணாய்யா?" என்று கேட்டார். அப்பா கைகூப்பினார்.

"அதானே பார்த்தேன். நம்மள நிக்க வைக்கிறது உங்க குடும்பத் தொழில் போலிருக்கு."

கூட்டம் சிரித்தது. அவ்வளவு பெரிய மனிதர் சபையில் வைத்து எங்கள் குடும்பத்தைப் பாராட்டுகிறார் என்றே நான் எண்ணினேன். பெருமை தாங்காமல் அப்பாவைப் பார்த்தேன். அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். எனக்குத் துணையாக நிற்க வருகிறார் என்று நகர்ந்து இடம் விட்டேன்.

அப்பா குனிந்தார். பலகைக்கு அடியில் கைவிட்டு, தேடாமலே சரியான இடத்தைத் தொட்டு, ஆணியைப் பிடுங்கினார். கைகாட்டி தொப்பென்று விழுந்தது. முளை தாழ்ந்தது. எஞ்சின் கிளம்பியது. நான் கையை நீட்டுவதற்குள், பாதி ஒதுங்கி நின்ற கரிவண்டியின் பின்பெட்டியில் போய் மோதியது. பெட்டிகள் மூன்று கவிழ்ந்தன. எஞ்சின் பக்கவாட்டில் சாய்ந்து, சக்கரம் மட்டும் விர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தது.

அதிகாரி வாய்விட்டுச் சிரித்துக் கைதட்டினார். "பலே, இதுதான்யா ஷோ," என்று அப்பாவின் தோளில் தட்டினார். அவர் கைதட்டியபின் மன்றமே கைதட்டியது.

அன்று மாலை என் மேசையில் ஓர் அட்டையைக் குத்திவைத்தார்கள். முதல் பரிசு, அதன் கீழே, 'ரயில் விபத்துக் காட்சி'.

விபத்து நேராமல் காக்கும் பூட்டை ஒரு சிறுமி ஒரு மாதம் உட்கார்ந்து செய்தாள். அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, விபத்துக்குப் பரிசு கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் எல்லோரும் ரயில்வேயில் சம்பளம் வாங்கியவர்கள். நான் அட்டையைத் திருப்பிப் பின்புறத்தில், 'இது விபத்து அல்ல, விபத்தைத் தடுப்பது' என்று எழுதிக் குத்தினேன். காலையில் வந்து பார்த்தால் அட்டை மறுபடி முன்புறம் காட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் வாசல்வரை வரிசை நின்றது. மோதுவதைக் காட்டச் சொன்னார்கள். மாட்டேன் என்று கைகட்டி உட்கார்ந்துவிட்டேன். என் இடத்தில் மாமன் இறங்கினார். சாவி கொடுத்தார், வாயால் விசில் ஊதினார், மோதும்போது தொண்டையிலிருந்து ஓர் ஓசையும் எழுப்பினார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"இன்னா இப்போ?" என்றார் மாமன். "ஜனம் பாத்துகினு கீது. மோத வுட்டா கைதட்டுறான். நிக்க வெச்சா எவன் நின்னு பாப்பான்?"

வந்தவர்களிடமெல்லாம் இது தவறு, இப்படி நடக்கக்கூடாது என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அதையும் காட்சியில் ஒரு பகுதி என்று எண்ணி அவர்கள் இன்னும் சிரித்தார்கள். மூன்றாம் நாள் முடிவில் குடைக்கம்பிகள் வளைந்து, எஞ்சினின் மூக்கு நசுங்கிப் போயிருந்தது. பரிசு என்று ஓர் எவர்சில்வர் கூஜா தந்தார்கள்.

மாமன் பலகையைச் சுமந்து முன்னே நடந்தார். பின்னால் அப்பாவும் நானும். மூன்று நாளாக அடக்கியதை அங்கே கேட்டேன்.

"நீதான நைனா லாக்கைக் கழட்டுன? இனிமே உன்ன நம்பி எவன் ரயில்ல ஏறுவான்?"

மாமன் பலகையோடு திரும்பி, என்னை அடிக்க ஒரு கையை எடுத்தார். அப்பா தடுத்தார்.

"வுடுப்பா. அது கேக்குறது கரீட்டுதான்." சில அடிகள் நடந்தபின் என்னைப் பாராமலே சொன்னார்: "அது தகரம் பாப்பா."

"தகரம்னா மட்டும் கழட்டலாமா?"

அவர் நடை தளர்ந்தது. நான் அதைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டு, வீடு வரும்வரை அவருக்கு முன்னால் நடந்தேன். எட்டு நாள் அவரோடு பேசவில்லை. தவறாக நடந்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் போதும், விட்டுவிடுகிறேன் என்று அந்த அதிகாரி இருமுறை சொல்லி அனுப்பியும் அப்பா எழுதிக் கொடுக்கவில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது. அந்த மனிதருக்கு வேண்டியிருந்தது நாலு பேர் முன்னால் ஒரு கீழ்ப்படிதல். இரும்பில் கேட்டபோது மறுத்ததை அப்பா தகரத்தில் கொடுத்தார். அப்படிக் கொடுத்துத்தான் தீரவேண்டியிருந்தது என்பதை நான் இன்றும் பொறுத்துக்கொள்ளவில்லை. பதினொரு ஆண்டுகள் பிசகில்லாமல் லீவர் பிடித்த ஒரு மனிதர், மகளின் பூட்டை மகளின் எதிரிலேயே பிடுங்கித் தன் நேர்மையைக் காக்கவேண்டியிருந்தது. கேட்டு வாங்கியவர் சிரித்துவிட்டுப் போனார். எந்தக் கணக்கில் இது நீதி என்று கோயில்தோறும் கேட்டுவிட்டேன்.

அதற்கடுத்த வாரம் அப்பா வேலைக்குத் திரும்ப அழைக்கப்பட்டார். அவ்வழைப்பு வருமுன் வந்த வெள்ளிக்கிழமை, அம்மா என்னைத் திருவொற்றியூர்க் கோயிலுக்கு அழைத்துப் போனாள். சன்னிதியில் கூட்டம் இல்லை. எனக்குப் பாடமாகியிருந்த ஒரு பதிகத்தைப் பிழையில்லாமல் முழுவதும் பாடினேன்; கேட்பதற்கு முன் கொடுக்கவேண்டியதைக் கொடுத்துவிடவேண்டும் என்பது என் முறை. பிறகு கண்களை இறுக மூடி என் வழக்கை வைத்தேன். பூட்டைக் கழற்றிய கை இனி எந்த லீவரையும் தொடக்கூடாது, அந்தக் கேபினுக்குள் அப்பாவை மறுபடி ஏறவிடாதே, ரயிலில் போகிறவர்கள் பிழைக்கட்டும் என்று, எனக்கிருந்த பக்தி முழுவதையும் திரட்டிக் கேட்டேன். ஒருமுறை கண்ணைத் திறந்து பார்த்தேன். அருகில் அம்மா கூப்பிய கைகளின்மேல் நெற்றியை வைத்து நின்றாள். அவளுடைய உதடுகள் இடைவிடாமல் அசைந்துகொண்டிருந்தன, கன்னம் நனைந்திருந்தது. அவளும் என்னைப் போலவே அப்பாமேல் கோபத்தில் இருக்கிறாள், அவளும் அதையேதான் கேட்கிறாள் என்று எண்ணி, அவளுக்கும் வலுச் சேர்ப்பதற்காக என் வேண்டுதலை இன்னொருமுறை, இம்முறை வாய்விட்டு, தொடங்கினேன்.