தொண்டை கட்டிய கப்பல்

துறைமுகக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில், தையல் மிஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் அவளை எல்லோரும் ‘காதுக்காரி’ என்றுதான் கூப்பிடுவார்கள். துறைமுகத்துக்குள் எந்தக் கப்பல் நுழைந்தாலும், அதன் சங்கைக் கேட்டே எதுவென்று சொல்லிவிடுவாள். ஆனால் அவள் உயிர் ஒரே ஒரு சங்கில்தான் இருந்தது.

அந்தச் சங்கு இருந்த நாசகாரிப் போர்க்கப்பல் கடலில் இறங்கிய வருஷம்தான் அவளுக்குக் கல்யாணம். கணவன் அதில் பாய்லர் அறைக்காரன். அப்போதெல்லாம் அதன் சங்கு கணீரென்று ஒலிக்கும். மறு வருஷம் மூடுபனியில் ஒரு சரக்குக் கப்பல் வந்து மோதியதில், புகைபோக்கியோடு சேர்ந்து சங்கும் நசுங்கியது. தட்டி நிமிர்த்தினார்கள். அன்று கட்டிய தொண்டை பிறகு சரியாகவே இல்லை. அந்தக் கரகரப்போடுதான் அது எண்ணெய்க் கப்பல்களுக்குக் காவல் போனது. புயலில் தத்தளித்த மீனவர்களை அள்ளிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் அது ஊத, அவள் வீட்டு ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடும்.

“உன் கப்பலுக்கு இன்னும் சளி போகலையாடி? ஏதாவது மருந்து வாங்கிக் குடேன்!” என்று கிண்டல் செய்வாள் எதிர்வீட்டு அக்கா. அக்காவின் கணவரும் அதே கப்பலில்தான், மேல்தளத்தில் வேலை.

அப்புறம் யுத்தம் வந்தது. கப்பல் போனது. ஒரு தகவலும் இல்லை. சங்கு ஏதாவது ஒலித்தால் போதும், மிஷினை மிதிக்கும் கால் அப்படியே நின்றுவிடும். அது இல்லை என்று தெரிந்ததும் மறுபடி மிதிப்பாள். யார் யாருடைய சட்டைக்கோ கை நீளத்தைக் கோணலாகத் தைத்துத் திட்டு வாங்கினாள்.

ஒரு நாள் காலையில் அக்கா மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

“ஏய், வந்துடுச்சுடி! நம்ம கப்பலைக் கட்டி இழுத்துட்டு வர்றாங்க!”

“சங்கு ஊதலையே அக்கா?”

“கண்ணால பார்த்தேங்கிறேன், இவ காதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா பாரு!”

அவள் மிஷினை விட்டு எழுந்தாள். சங்கு ஊத நீராவி வேண்டும். நீராவிக்குப் பாய்லர் வேண்டும். பாய்லர் பக்கத்தில் அவன்.

தொட்டிலில் கிடந்த தன் குழந்தையை இடுப்பில் அள்ளிக்கொண்டு ஓடினாள். கப்பலின் விலாவில் ஒரு ஓட்டை, அதன்மேல் தார்ப்பாய். மேல்தள ஆட்கள் இறங்கி வந்தார்கள். அக்கா தன் கணவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். பாய்லர்க்காரர்கள் எப்போதும் கடைசியில்தான் வருவார்கள். நெருப்பை அணைத்துவிட்டு வரவேண்டுமே. ஆனால் இன்றைக்கு அணைக்க அங்கே நெருப்பு ஏது?

“பாய்லர் ஆளுங்க எங்கே அண்ணா?”

அக்காவின் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். “அடி விழுந்ததே அங்கேதாம்மா… நான் மேலே இருந்தேன். யார் யார்னு தெரியலை.”

ஸ்ட்ரெச்சர்கள் வந்தன. ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவன் இல்லை. பின்னால் வேறொருத்தி அலறியபோது, ஒரு கணம் தன் நெஞ்சு ஆறியதற்காக அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

கப்பலிலிருந்து கரைக்கு இறங்கும் பலகைப்படி வெறிச்சோடிவிட்டது. இனி யாரும் இல்லை என்று ஒருவர் அதன் கயிற்றை அவிழ்க்கப் போனார்.

அப்போதுதான் கையில் கட்டோடு ஓர் உருவம் தள்ளாடி இறங்கியது.

“என்னங்க!”

அவன் திரும்பவில்லை. தொண்டை கிழியக் கத்தினாள். அவளைக் கடந்து போய்க்கொண்டே இருந்தான். ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அப்போதுதான் பார்த்தான்.

“எல்லாரும் இறங்கினதே எனக்குக் கேக்கலை!” துறைமுகமே அதிரக் கத்தினான். “நீ சொல்றதும் கேக்கலை!”

“அதுக்கு ஏன் ஊரைக் கூட்டுறீங்க?” என்று அழுகையும் சிரிப்புமாக அவன் வாயைப் பொத்தினாள்.

வெடிச்சத்தத்தில் போன அவன் கேட்கும் சக்தி திரும்பவே இல்லை. கரையில் சாமான் கிடங்கில் வேலை கொடுத்தார்கள். கப்பல் பழுது பார்க்கப்பட்டு, வேறு ஆட்களோடு பல வருஷம் ஓடியது. கடைசியில் உடைக்கக் கொண்டுபோகும் நாள் வந்தது. தைத்துக்கொண்டிருந்தவளின் கால் நின்றது. அவன் உள்ளங்கையை எடுத்து ஜன்னல் கண்ணாடியில் வைத்து அழுத்தினாள்.

கண்ணாடி கடகடத்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

“சளி இன்னும் போகலை,” என்றான், தெருவுக்கே கேட்கும்படி.