ஆடி முடியும்வரை அசையாத கார்

இரண்டு தரம் எழுத்துப் பரீட்சையில் கோட்டை விட்டு, மூன்றாவது தரம் தட்டுத்தடுமாறி இத்தாலிய மொழியிலேயே பாஸ் பண்ணி லைசென்ஸ் எடுத்தவள் நான். கடற்கரையோர மொண்டெல்லோவில் நான் வேலை செய்யும் வீட்டு வயதான சிஞ்ஞோரா அம்மா, கண் மங்குகிறது, இனி ஓட்டமாட்டேன் என்று தன் சின்ன வெள்ளைக் காரை எனக்கே தந்தபோது தலைகால் புரியவில்லை. இனி வெயிலில் காய்ந்து இரண்டு பஸ் மாறத் தேவையில்லை. பத்திரம், இன்சூரன்ஸ் எல்லாம் என் பெயரில்.

சிஞ்ஞோராவின் மகன் காரைக் கொண்டுவந்து, ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள எங்கள் ஒழுங்கையில் விட்டுச் சாவியைத் தந்த நாள் ஆடி முதலாம் தேதி. என் கணவர் கலண்டரைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். ஆடியில் புதிதாக ஒன்றும் தொடங்கக் கூடாதாம். ஆவணி பிறந்ததும் சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்துத்தான் எடுக்க வேண்டுமாம். கழுவலாமா என்று கேட்டேன். கழுவுவதும் தொடக்கம்தானாம். கண்ணூறு படாமல் இருக்க முன்பக்கத்தில் எலுமிச்சம்பழமும் செத்தல் மிளகாயும் கோர்த்துக் கட்டிவிட்டு, கண்ணாடியில் திருநீறும் பூசினார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் உள்ளுக்குள் எனக்கும் ஒரு சின்னப் பயம் இருந்தது. அதை அவருக்குக் காட்டவில்லை.

கைப்பையில் கார்ச் சாவியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு காலையும் பஸ்ஸுக்கு நின்றேன். அந்த மாதம் ஆபிரிக்காவிலிருந்து கடல் தாண்டிச் சூடான காற்று வீசி, வெள்ளைக் காரைச் செம்மண் நிறமாக்கியது. எலுமிச்சம்பழம் கறுத்துச் சுருங்கியது. ஒரு டயரில் காற்று இறங்கியது. யாரோ ஒரு புண்ணியவான் கூரையில் வெறும் பிட்சா பெட்டியை வைத்துவிட்டுப் போனான்.

ஒருநாள் காலை கண்ணாடியில் ஒரு அறிவித்தல் துண்டு ஒட்டியிருந்தது. இந்த வாகனம் கைவிடப்பட்டதாகத் தெரிகிறது, பத்து நாளுக்குள் உரிமையாளர் அகற்றாவிட்டால் மாநகரசபை இழுத்துப்போய்க் கழிவாக நொறுக்கும் என்று எழுதியிருந்தது. ஒரு சொல் விடாமல் விளங்கியது. பரீட்சைக்குப் படித்த படிப்பு அதற்காவது உதவியது. அதே ஒழுங்கையில் மூன்று சக்கரத்தோடு ஒரு வான் வண்டியும், பூனை குட்டி போட்ட ஒரு காரும் வருடக்கணக்காக நிற்கின்றன. அவற்றுக்கு ஒரு துண்டும் இல்லை. ஆவணி பிறக்கவோ இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

கணவர் ஒரு வழி கண்டுபிடித்தார். என்ஜினைத் தொடாமல் தள்ளி அடுத்த ஒழுங்கையில் விட்டால் ஆடிக்கும் குற்றமில்லை, மாநகரசபைக்கும் குற்றமில்லையாம். இரண்டு பேரும் தள்ளத் தொடங்கினோம். கார் ஒரு முழம்கூட நகரவில்லை. அப்போதுதான் கீழ்வீட்டுக் கிழவர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். பொலிசுக்குப் போன் பண்ணியது தான்தான் என்றார். கறுத்த பழத்தையும் சாம்பலையும் பார்த்து, காரின் சொந்தக்காரர் செத்துவிட்டார் என்று நினைத்தாராம். ஆடியைப் பற்றி விளங்கப்படுத்தினேன், சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. கண்ணூறு படாமல் வாசலில் சிவப்புக் கொம்பு தொங்கவிட்டிருக்கும் மனிதர். அவருடைய தாய் செவ்வாயிலும் வெள்ளியிலும் எதையும் தொடங்கமாட்டாராம். என் கணவர் செய்ததே சரி என்று தீர்ப்புச் சொல்லி, டயருக்குக் காற்றடித்துத் தந்து, கார் கைவிடப்பட்டதல்ல என்று பொலிசுக்கும் மறுபடி போன் பண்ணினார்.

அடுத்த நாள் மத்தியானம் மாநகரசபைப் பொலிஸ்காரி வந்தபோது கணவர் ரெஸ்டோரன்ட் சமையலறையில் வேலையில் நின்றார். கார் எங்கே நிற்கிறது என்பதல்ல, ஓடுமா என்பதுதான் தனக்கு வேண்டும், ஓட்டிக் காட்டினால் துண்டைக் கிழிப்பேன் என்றாள் அவள். கிழவர் வானத்தைப் பார்த்தார். நான் சாவியைப் பார்த்தேன். ஆடியாவது ஆவணியாவது என்று ஏறி உட்கார்ந்தேன்.

என்ஜின் இரண்டு தரம் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. பொலிஸ்காரி தன் கையாலேயே துண்டை உரித்தாள். நான் நிறுத்தவில்லை. அன்று எனக்குப் பின்னேர வேலை. நகர நடுவிலுள்ள வியா மக்வேதா வீதிக்குள் கார் விடமாட்டார்கள் என்பதால் நகரத்தைச் சுற்றிக்கொண்டு, மொண்டெல்லோ வரைக்கும் நானே ஓட்டினேன். பஸ் நிறுத்தம் ஒவ்வொன்றையும் கடக்கும்போது வாய்விட்டுச் சிரித்தேன். அந்தச் சந்தோஷத்தில் கணவருக்குப் போன் பண்ண வேண்டும் என்பதே மறந்துபோயிற்று.

மாலை திரும்பி வந்தபோது, கார் நின்ற வெற்றிடத்தில், நடைபாதை ஓரத்தில் அவர் குந்தியிருந்தார். கிழவரின் கதவு சாத்தியிருந்தது. கார் கிளம்பும்போது அறுந்து விழுந்த கறுத்த எலுமிச்சம்பழ மாலை அவர் கையில் இருந்தது. என்னைக் கண்டதும் கண்ணைத் துடைத்தார்.

"இழுத்துக்கொண்டு போயிட்டாங்கள் எண்டு நினைச்சன். கார் போனால் போகட்டும், நீர் எவ்வளவு ஆசைப்பட்டனீர். நான்தான் கெடுத்துப்போட்டன் எண்டு இருந்தனான்" என்றார்.

போன் பண்ணாதது என் பிழை என்றேன், இனி ஆவணி வரைக்கும் தொடமாட்டேன் என்றும் சொன்னேன். மெய்யாகத்தான் சொன்னேன். அவர் எழுந்து வந்து காரைச் சுற்றிப் பார்த்தார், பிட்சா பெட்டி இருந்த இடத்தைத் தன் சட்டைக் கையால் துடைத்தார், பிறகு பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டார்.

"ஆடியிலை தொடங்கினதை இடையிலை நிப்பாட்டினால்தானப்பா கூடாது. எடும், கடற்கரைக்குப் போவம்."

அப்படி ஒரு சாஸ்திரம் எங்கும் இல்லை. நான் காரை எடுத்தேன்.