அக்கா வராத தூக்கம்

வீடியோக் கடையிலிருந்து பிள்ளைகள் எடுத்துவரும் படங்களில் இப்போதெல்லாம் ஒருவன் கத்தியோடு வருகிறான். முகத்தை மூடியிருக்கிறான். தூங்குகிறவர்களாகப் பார்த்து வெட்டுகிறான். என் மகளும் அவள் தோழிகளும் ஒரே போர்வைக்குள் புகுந்துகொண்டு அலறுகிறார்கள், அலறி முடித்ததும் சிரிக்கிறார்கள். சனிக்கிழமை மத்தியானம், எங்கள் ஆயர் குரோ ஊரின் வெயில் கூரையைக் காய்ச்சிக்கொண்டிருக்கும்போது, திரைச்சீலைகளை இழுத்துவிட்டு இருட்டை உண்டாக்கிக்கொண்டு இந்தக் கூத்து.

"அம்மா, நீங்க பாக்கலயா? பயமா?"

"எனக்குத் தூக்கம் வருது."

பொய்யில்லை. எனக்கு எப்போதும் தூக்கம் வரும். படுத்தால் போதும், கிணற்றில் போட்ட கல். கனவு கிடையாது, புரளல் கிடையாது. அலுவலகத்தில் மாத்திரை போட்டுத் தூங்குகிறவர்கள் என்னைப் பார்த்துப் பொறாமைப்படுகிறார்கள். நன்றாகத் தூங்குகிறவர்களை நான் நம்புவதில்லை. என்னையும் சேர்த்துத்தான்.

மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்த வருஷம் என் அக்கா செத்தாள். நாடு பிறந்தது, அவள் வயிற்றில் இருந்தது பிறக்கவில்லை. எங்கள் காஜா பெராங் தெரு முழுக்கக் காகிதக் கொடி கட்டியிருந்தார்கள். அந்தக் கொடிகளுக்குக் கீழேதான் அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவளுக்குப் பத்தொன்பது வயது, எனக்குப் பதின்மூன்று. வயிற்றுப் பிள்ளையோடு போனவள் திரும்பி வருவாள் என்பதால், இடுகாட்டிலிருந்து வரும் வழியெல்லாம் கடுகு இறைத்துக்கொண்டே வந்தார்கள். ஒவ்வொரு கடுகாகப் பொறுக்கி எண்ணி முடிப்பதற்குள் விடிந்துவிடுமாம், அவளால் வீடு சேர முடியாதாம்.

மறுநாள் காலை அம்மா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். எங்கள் வாசலிலிருந்து பெரிய சாலை முனைவரை குனிந்து குனிந்து கூட்டினாள். பார்த்தவர்கள் துப்புரவு என்று நினைத்திருப்பார்கள். அவள் மகளுக்கு வழி செய்துகொண்டிருந்தாள்.

ஆனால் அக்கா அம்மாவிடம் வரவில்லை. என்னிடம் வந்தாள்.

பயங்கரமாக ஒன்றும் இல்லை. கொல்லைக் குழாயடியில் குந்தி உட்கார்ந்து துணி அலசிக்கொண்டிருப்பாள். "அந்த வாளிய இப்படித் தள்ளு" என்பாள். "அம்மா சாப்பிட்டாங்களா?" என்பாள். ஒருநாள் என் பாவாடை நாடாவைக் கோத்துக் கொடுத்தாள். கனவில்கூட அவளுக்கு வேலை ஓயவில்லை.

அம்மாவுக்குக் கனவே வராது. கண்ணை மூடினால் வெறும் கருப்பு என்பாள். அதனால் விடிந்ததும் கோப்பியை என் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொள்வாள்.

"வந்தாளா?"

"வந்தாம்மா."

"என்ன கட்டியிருந்தா?"

"அந்தப் பச்சச் சீல."

"முகம் எப்படி இருந்துச்சு? இளைச்சிருந்தாளா?"

"இல்லம்மா. நல்லா இருந்தா."

அதைக் கேட்ட பிறகுதான் அவள் அடுப்பைப் பற்றவைப்பாள். அக்கா வராத நாள்களும் உண்டு. அன்றைக்கு நேற்றைய கனவை எடுத்து, ஒரு பூ வைத்து, ஒரு பேச்சு சேர்த்து, புதிதாகச் சொல்லிவிடுவேன். நான் எழுதக் கற்றுக்கொண்டது அப்படித்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் நடந்ததற்கு இந்தச் சாமர்த்தியம்தான் காரணம்.

இரண்டு மூன்று மாதம் இப்படிப் போனது. அப்புறம் அந்த மலாய்ப் படம் வந்தது.

பிரசவத்தில் செத்தவள் பேயாகித் திரும்பி வருகிற கதை. நகரமே பித்துப் பிடித்து ஓடியது. பக்கத்து வீட்டு அத்தை, மக்சிக் என்று நாங்கள் கூப்பிடுகிற, மலாய் பேசி விபூதி பூசும் செட்டி வீட்டம்மாள், என்னையும் பகல் ஆட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். வெள்ளைத் துணி. குதிகால்வரை முடி. முதலில் அழகான முகம், அது திரும்புகிறது, திரும்பினால் பல். முன்வரிசையில் ஒரு ஆள் செருப்பை விட்டுவிட்டு வெளியே ஓடினான். மக்சிக் என் கண்ணைப் பொத்தி, "ஜாங்கான் தாக்குட், பயப்படாதே" என்றார். அவர் விரல்கள் விலகியிருந்தன, அந்த இடுக்கு வழியாக நான் எல்லாவற்றையும் பார்த்தேன். கடைசியில் ஒருவன் அவள் பின்கழுத்தில் ஆணியை இறக்குகிறான். அவள் அடங்குகிறாள். கூட்டம் கை தட்டியது. நானும் தட்டினேன்.

அடுத்த கனவில் அக்கா குழாயடியில் உட்கார்ந்திருந்தாள். முதுகைக் காட்டிக்கொண்டு. முடி சிமெண்டுத் தரையெல்லாம் படர்ந்து கிடந்தது. "அந்த வாளிய இப்படித் தள்ளு" என்றாள். அவ்வளவுதான். அவள் திரும்பவே இல்லை. திரும்பிவிடுவாளோ என்று நான்தான் அலறிக்கொண்டு எழுந்தேன்.

"வந்தாளா?" என்று அம்மா கேட்டபோது, "வந்தா, நல்லா இருந்தா" என்றேன்.

அதற்கப்புறம் நான் தூக்கத்துக்குப் பயந்தேன். தொடையைக் கிள்ளிக்கொண்டு விழித்திருப்பேன். பகலில் பள்ளி மேசையில் சாய்ந்துவிடுவேன். ஆசிரியை அடிக்கோலால் தட்டுவார். தெருவில் மட்டும் ஒரே வேடிக்கை. பெரிய மனிதர்கள்கூட இருட்டியபின் தனியாக ஒதுங்கப் போவதில்லை என்று பேச்சு. சட்டைப் பையில் ஆணி வைத்துக்கொண்டு திரிந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல், அம்மா ஜாலான் துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோவிலுக்குப் போயிருந்த நேரம், அத்தான் வந்தார். அக்காவின் புருஷன். லோரி ஓட்டுகிறவர். கண் இரண்டும் பழுத்த மிளகாய். அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து தொப்பியைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, தூங்க முடியல மாமா. நேத்து அசந்து லோரிய வாய்க்கால்ல விடப் பாத்தேன்."

"படத்துக்குப் போனியா?"

"எல்லாரும்தானே போனாங்க." தலையைக் குனிந்துகொண்டார். "தம்பின் ஊர்ல பொண்ணு பாத்திருக்கில்ல. அவுங்க வீட்டுலயும் போயிருக்காங்க. இப்பச் சொல்றாங்க, மூத்தவ வயித்தோட போனவ, அவளக் கட்டாம பொண்ணு குடுக்க மாட்டோம்னு."

"கட்றதுன்னா? நம்ம வழக்கத்துல முடிய எடுத்து மரத்துல வச்சி ஆணி அடிப்பாங்க. அதுவும் பேய் புடிச்சவங்களுக்கு. இங்க யார புடிச்சிருக்கு?"

அத்தான் என்னைப் பார்த்தார். பாவமான பார்வை. தப்புச் செய்யப்போகிற சிறுபிள்ளையின் பார்வை.

"உன்கிட்ட வராளாமே. அத்தை சொன்னாங்க. எப்படிம்மா வரா?"

இந்தக் கேள்விக்கு ஒரே ஒரு உண்மையான பதில் இருந்தது. துணி துவைக்கிறாள், அம்மா சாப்பிட்டாங்களா என்று கேட்கிறாள். அதைச் சொல்லியிருந்தால் அத்தான் அழுதுவிட்டு எழுந்து போயிருப்பார். அப்பாவும் விட்டிருப்பார். ஆனால் எனக்கு எட்டு நாள் தூக்கம் பாக்கி. எனக்கு ஆணி வேண்டியிருந்தது.

"வெள்ளையில வரா" என்றேன். "முடி கால்வரைக்கும். முதல்ல அக்கா மொகம். திரும்பினா பல்லு."

அப்பாவின் கையிலிருந்த சுருட்டு அணைந்திருந்தது. அதை அவர் இழுத்துக்கொண்டே இருந்தார்.

"உன்ன என்ன கேக்குறா?"

"வா, வான்னு கூப்புடுறா."

அக்கா என்னிடம் அப்படி ஒருபோதும் சொன்னதில்லை. அந்தப் படத்தில்கூட யாரும் அப்படிச் சொல்லவில்லை. அது முழுக்க என் சொந்தச் சரக்கு.

அத்தான் பையிலிருந்து காகிதப் பொட்டலத்தை எடுத்தார். முன்பே வாங்கி வைத்திருந்தார். "ஆணி வாங்கப் போனா, இரும்புக்கடை மொதலாளி தவுக்கே கேக்குறான் மாமா, கதவுக்கா, ஹந்து பேய்க்கான்னு. ஹந்துவுக்குன்னா ஆறு அங்குலம் எடுத்துக்கோ, இந்த வாரம் அதான் போவுதுங்கிறான்." சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

எங்கே அடிப்பது என்று இருவரும் கொஞ்சம் தர்க்கம் செய்தார்கள். படத்தில் கழுத்து. ஊர் வழக்கத்தில் மரம். தோண்டி எடுக்கிற பாவத்தை அப்பா ஒப்பவில்லை. கடைசியில் சமாதியின் தலைமாட்டில் நட்டிருக்கிற மரக்கட்டையில் அடிப்பது என்று முடிவாயிற்று. அது மரமும் ஆயிற்று, கழுத்துப் பக்கமும் ஆயிற்று. மலாய்ப் படத்துக்கும் நம் சாமிக்கும் நடுவே இப்படி ஒரு ராஜி. ஒரு எலுமிச்சம்பழம் மட்டும் சமையலறையிலிருந்து நான் எடுத்துக் கொடுத்தேன்.

அம்மா கோவிலிலிருந்து திரும்பியபோது, அப்பாவும் அத்தானும் கொல்லைக் குழாயடியில் உடுத்திய துணியோடு தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பட்டப்பகலில், சட்டை வேட்டியோடு, வீட்டுக்குள் நுழையாமல். அப்படிக் குளிப்பதற்கு எங்களிடம் ஒரே காரணம்தான் உண்டு.

அம்மா அர்ச்சனைத் தட்டோடு அங்கேயே நின்றாள்.

"யாரு செத்தா?"

 தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது.

"கேக்குறேன்ல, யாரு செத்தா?"

அப்பா வேலையிடத்தில் பொய் சொல்வார், கடன்காரனிடம் பொய் சொல்வார். ஈரத்தோடு நின்று பொய் சொல்ல அவருக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் சொன்னார். நான் சொன்னதையும் சொன்னார்.

அம்மா கத்துவாள் என்று நினைத்தேன். அவள் தட்டைக் கீழே வைத்தாள். அத்தானைப் பார்த்து, "தல தொவட்டிக்குங்க. தடுமன் புடிக்கும்" என்றாள். என்னைப் பார்க்கவில்லை.

அன்று இரவு நான் தூங்கினேன். எட்டு நாள் தூக்கத்தையும் சேர்த்துத் தூங்கினேன். குழாயடி இல்லை, முடி இல்லை. அம்மா சொல்வாளே, அந்த வெறும் கருப்பு. அது எவ்வளவு சுகமாக இருந்தது என்று இன்றைக்குச் சொன்னாலும் வாய் கசக்கிறது.

காலையில் கோப்பி வந்தது. எதிரே உட்கார்ந்தாள். கேட்கவில்லை. காத்திருந்தாள். நான் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பச்சைச் சேலை, ஒரு பூ. எத்தனையோ தடவை சொன்னதுதான். அன்றைக்கு மட்டும் எனக்கு நேர்மை வந்துவிட்டது.

"வரலம்மா."

மூன்று நாள் அதே பதில். நாலாம் நாள் அப்பா வேலைக்குப் போனதும், அம்மா சமையல் பாராங்கை, அந்தப் பெரிய வெட்டுக்கத்தியை, ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டாள். "வா" என்றாள்.

எங்கள் வீட்டுப் பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை. பெற்றவளுக்கே மகளை எங்கே புதைத்தார்கள் என்று தெரியாது. வேலி ஓரம் என்று அப்பாவிடம் கேட்டு வைத்திருந்தாள். வெயிலில், இடுப்பளவு லாலாங் புல்லை விலக்கிக்கொண்டு நடந்தோம். எல்லா மேடும் ஒரே மாதிரி இருந்தது. எலுமிச்சம்பழம்தான் காட்டிக்கொடுத்தது. அதற்கு மேலே கட்டையில், புத்தம் புதிதாய், சட்டைப் பொத்தானளவு ஒரு ஆணித்தலை. அதைப் பார்த்துத்தான் அம்மா தன் மகள் இருக்கும் இடத்தைத் தெரிந்துகொண்டாள்.

உட்கார்ந்தாள். அழவில்லை. பாராங் நுனியை ஆணித்தலைக்குக் கீழே கொடுத்து நெம்பினாள். கட்டை சிலாம்பு சிலாம்பாகப் பெயர்ந்தது. பாராங் வழுக்கி அவள் இடது உள்ளங்கையைக் கிழித்தது. ரத்தத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டு மறுபடி நெம்பினாள். "உனக்கு என்ன செஞ்சா அவ?" என்று மட்டும் ஒருமுறை கேட்டாள், ஆணியைப் பார்த்துக்கொண்டே. என்னைக் கேட்டாளா, ஊரைக் கேட்டாளா, தெரியவில்லை. ஆணித்தலை விரல் பிடிக்கும் அளவுக்கு மேலே வந்தது. அவள் கை ரத்தத்தில் வழுக்கியது.

"நீ புடி. உன் கை காஞ்சிருக்கு. இறுக்கிப் புடிச்சு இழு."

பிடித்தேன். வெயிலில் சுட்டது. இழுத்தேன். ஆணி அசைந்தது. பல் ஆடுவதுபோல் மரத்துக்குள் ஆடியது. இன்னும் ஒரு இழுப்பில் வந்திருக்கும்.

பின்னால் புல் சரசரத்தது. காற்றுதான். எனக்கு அது அக்காவின் முடி.

கட்டைவிரலால் ஆணியை உள்ளே அழுத்தினேன்.

"அசையலம்மா."

அம்மா என் கையை எடுத்து விரித்துப் பார்த்தாள். தன் கையின் கிழிசலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். என் உள்ளங்கையில் ஒரு கீறல் இல்லை. ஆணித்தலையின் வட்டம் மட்டும் கட்டைவிரல் நுனியில் சிவப்பாகப் பதிந்திருந்தது. அம்மா அந்த வட்டத்தைத் தடவினாள்.

"சரி" என்றாள். "வீட்டுக்குப் போய் தலைக்கு ஊத்திக்க. இனி நீ நல்லாத் தூங்கு."