நாலு மணி நேரம்தான் சிங்கப்பூர்

மீனம்பாக்கம் என்றதும் என் மூக்கில் ஏறுவது கதம்பமும் புளிசாதமும், வழியில் யாராவது ஒருவர் எடுத்த வாந்தியும் கலந்த வேன் வாசனைதான். எண்பதுகளில் பட்டாபிராமில் எங்கள் தெருவிலிருந்து சிங்கப்பூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவர் ஸ்டெல்லா அத்தை ஒருவர்தான். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே தங்கை. அவர் வந்தாலும் போனாலும் 'வேன் கட்டிகினு' தெருவே விமான நிலையத்துக்குக் கிளம்பும். ஜன்னலோரத்துக்குச் சண்டை போட்டு, ஆவடி, பூந்தமல்லி என்று ஊர்ந்து, டீக்கு நின்று, வேறு எதற்கோ நின்று, நாங்கள் போய்ச் சேர அரைநாள் ஆகிவிடும். அத்தை சிரிப்பார்: "மூவாயிரம் கிலோமீட்டரு, நாலு மணி நேரத்துல வந்துட்டேன். முப்பது கிலோமீட்டரு வர உங்களுக்கு இன்னாடா இவ்ளோ நேரம்?"

நான் பத்தாவது படித்தபோது தாத்தா இறந்தார். எதிர்வீட்டு டெலிபோனில் அப்பா செய்தி சொல்ல, மறுநாள் மதியம் வந்து இறங்கிவிடுவதாக அத்தை அழுதுகொண்டே சொன்னார். நாலு மணி நேரம்தானே, பெத்த பெண் 'மொவத்தப் பாக்காம' எடுப்பதா என்று ஐஸ் பாளங்கள் வாங்கிவந்து உடலை வைத்திருந்தோம். ஆனால் மறுநாள் வேன் போகவில்லை. சாவு வீட்டிலிருந்து வேன் கட்டிக்கொண்டு வரவேற்கப் போனால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று பெரியப்பாவுக்குக் கவலை. "சிங்கப்பூர்க்காரிக்கு ஒரு டாக்சி புட்சிகினு வரத் தெரியாதா?" என்றார். கூடியிருந்த பெரியவர்கள் அத்தனை பேரும் தலையாட்டினார்கள். ஊர்வாய்க்குப் பயப்படுவதில் எங்கள் ஆட்களை அடித்துக்கொள்ள முடியாது.

மதியம் போய்ச் சாயங்காலம் ஆயிற்று. விமானம் தாமதம் என்றார் ஒருவர். டிக்கெட் கிடைத்திருக்காது என்றார் இன்னொருவர். ஐஸ் கரைந்த தண்ணீர் வாசல்வரை வந்துவிட்டது. இருட்டுவதற்குள் அடக்கம் முடியவேண்டும் என்று ஃபாதர் மறுபடியும் சொன்னதும் பெட்டியை மூடிவிட்டார்கள்.

கல்லறையிலிருந்து திரும்பி நாங்கள் கால் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் டாக்சி வந்து நின்றது. விமானம் சரியான நேரத்துக்கே இறங்கியிருக்கிறது. எப்போதும்போல வேன் வரும், தான் டாக்சி ஏறிவிட்டால் வேனில் வருகிறவர்கள் தேடி அலைவார்களே என்று அத்தை பெட்டியோடு விமான நிலைய வாசலிலேயே நின்றிருக்கிறார். எதிர்வீட்டுக்குப் போன் செய்தும் பார்த்திருக்கிறார். அந்த வீட்டார் எல்லாரும் எங்கள் வீட்டில் இருந்தார்கள்.

"வேன் வரும், வேன் வரும்னு நின்னுகினே இருந்தேன் அண்ணாத்தே" என்றார் பெரியப்பாவிடம். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

இப்போது வேன் கட்டிக்கொண்டு யாரும் விமான நிலையத்துக்குப் போவதில்லை. விமானம் எந்தக் கடலுக்கு மேல் பறக்கிறது என்பதுகூடக் கைப்பேசியில் தெரிந்துவிடுகிறது. பெரியப்பா இல்லை, ஜன்னலோரத்துக்குச் சண்டை போட்டவர்களில் பாதிப் பேர் தெருவிலேயே இல்லை. அத்தை மட்டும் வருஷத்துக்கு ஒருமுறை வருகிறார். எந்த நாள், எந்த விமானம் என்று எத்தனை கேட்டாலும் சொல்வதில்லை. "உங்களுக்கு ஏண்டா சிரமம், நானே வந்துக்கறேன்" என்பார். திடீரென்று ஒருநாள் பெட்டியோடு வாசலில் நிற்பார். முதலில் கல்லறைக்குப் போய்விட்டுத்தான் எங்கள் வீட்டுக்கு வந்திருப்பார்.