எவாரிஸ்தோ தூங்குவது எந்தக் கரையில்

எவாரிஸ்தோவை நான் ஒருநாளும் நம்பியதில்லை. தங்கை ஒபெலியாவின் புருஷன் என்பதால் வாயை மூடிக்கொண்டிருந்தேன், அதுவும் பாதி நேரம்தான். அமெரிக்கக் கரையில், எல் பாசோவில், எல்லைப் பாலத்தடியில் நான் பரிட்டோ ரொட்டிச் சுருள் விற்கிறேன். யார் மெக்ஸிகோ பக்கத்து ஹுவாரெஸுக்குப் போகிறார்கள், எப்போது திரும்புகிறார்கள் என்பது என் கண்ணுக்குத் தப்பாது. வெள்ளிக்கிழமை டயர் கடை மூடியதும் எவாரிஸ்தோ குளித்து, சட்டை மாற்றி, சென்ட் அடித்துக்கொண்டு பாலமேறுவான். ஞாயிறு மதியம்தான் திரும்புவான். பல் வைத்தியர், மலிவு மருந்து, முடிவெட்டு எல்லாம் அந்தப் பக்கம்தான், சரி. அதற்கு இரண்டு ராத்திரியா?

"அங்க ஒருத்தி இருக்கா அக்கா," என்பாள் ஒபெலியா. "கேட்டா அண்ணன் வீட்டுல சீட்டாடுனேங்கறான். சீட்டாடிட்டு வர்றவன் மூஞ்சியா அது?"

"நெருப்பில்லாம புகையாதுடி," என்று நானும் ஊதிவிட்டேன்.

இந்த லட்சணத்தில் அவன் குடியுரிமைக்கு மனுப் போட்டான். ஐந்து வருஷம் இங்கே குடியிருந்திருக்க வேண்டும், அதில் பாதிக்குக் குறையாமல் நாட்டுக்குள் இருந்திருக்க வேண்டும். வெளிநாட்டில் தங்கிய நாட்களைக் கேட்ட இடத்தில் 'இல்லை' என்று எழுதிவிட்டான். எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். வெளிநாடு என்றால் விமானம் ஏறிப் போவது. பாலம் தாண்டுவது அடுத்த தெருவுக்குப் போவது மாதிரி.

நேர்காணலில் அந்தச் சின்ன வயது ஆபீசரம்மா கம்ப்யூட்டர் திரையை அவன் பக்கம் திருப்பினாளாம். பாலம் தாண்டியதெல்லாம் அதில் இருந்தது. நிஜமாக எங்கே குடியிருக்கிறாய் என்று கேட்டு, அடுத்த தடவை மனைவியைக் கூட்டிவரச் சொன்னாள். பொய் சொன்னவன் என்று முடிவானால் மனு போச்சு.

அவளையும் கூட்டிக்கொண்டு போன அந்த நாளில் நான் வெளியே காரில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே நடந்ததை ஒபெலியா என்னிடம் மூன்று தரம் சொன்னாள்.

"வாராவாரம் யாரப் பாக்கப் போறீங்க?" என்று ஆபீசரம்மா கேட்டாள்.

எவாரிஸ்தோ மனைவியைப் பார்க்காமல் சொன்னான். "எங்கம்மாவ. சர்க்கரையில ஒரு கால எடுத்துட்டாங்க. வாரமெல்லாம் அண்ணி பாத்துக்கறாங்க. வெள்ளி, சனி என் முறை. நான் சிட்டிசன் ஆனாத்தான் அவங்கள இங்க கூட்டிட்டு வர மனுப் போட முடியும்."

ஒபெலியாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கல்யாணத்தன்றே மாமியாரோடு முட்டிக்கொண்டு, அந்தக் கிழவி என் வீட்டுப்படி மிதிக்கக்கூடாது என்று சபதம் போட்டவள் அவள். அதற்குப் பயந்துதான் அவன் சீட்டாட்டக் கதை கட்டியிருக்கிறான். இப்போது எல்லாம் அவள் வாயில்தான் இருந்தது. அங்கே ஒருத்தி இருக்கிறாள் என்று தெரு முழுக்கச் சொன்னதையே இங்கேயும் சொன்னால் போதும், கிழவி ஜன்மத்துக்கும் பாலம் தாண்டமாட்டாள்.

"இவர் உங்களோடதான் குடியிருக்காரா?"

"வாரத்துல அஞ்சு ராத்திரி இவன் குறட்டைய நான்தான் கேக்கறேன். செல்போன நான்தான் நோண்டறேன், சட்டைய நான்தான் மோந்து பாக்கறேன். எனக்கிருக்கற சந்தேகத்துக்கு, ஒரு ராத்திரி கூடுதலா வெளிய தங்கியிருந்தா இவன் உயிரோட இருப்பானா?"

ஆபீசரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு வெகுநேரம் எழுதினாளாம்.

பாஸாகிவிட்டது. சத்தியப்பிரமாணம்தான் பாக்கி. காருக்கு வந்து இருவரும் விஷயத்தைச் சொன்ன பிறகும் என் புத்தி போகவில்லை.

"அம்மாவப் பாக்கப் போறவனுக்கு சென்ட் எதுக்குடா?"

"டயர் நாத்தம் அவங்களுக்கு ஆகாது. குமட்டும்."

நான் காரைக் கிளப்பினேன். வீடு நெருங்கும்போது ஒபெலியா புருஷன் பக்கம் திரும்பினாள்.

"மாடி ரூம் சரிப்படாது," என்றாள். "கீழ் ரூம்ல இருக்கற தையல் மெஷின ஹாலுக்கு நகத்து. ஒத்தக் கால வச்சிட்டு அவங்க எப்படிப் படியேறுவாங்க?"