வெயிட்டுக்கு ஆள்

ஆம்பூர்ப் பக்கம் நான் வேலை பார்த்த தோல் கம்பெனியில் குண்டாக இருப்பவனுக்குத் தனி மரியாதை. டிரம்மிலிருந்து இறக்கிய ஈரத்தோல் தண்ணீரைக் குடித்துக் கனத்துக் கிடக்கும். பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியில் அளவாக ஏற்றினால் நாலு நடை போக வேண்டும். மேனேஜருக்கு அது பொறுக்காது, இரண்டே நடையில் முடிக்கச் சொல்வார். முன்னால் பாரம் ஜாஸ்தியானதும் ஃபோர்க்லிஃப்டின் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பும். உடனே அவர் குரல் வரும்.

“டேய், வெயிட்டுக்கு ரெண்டு பேரு பின்னாடி ஏறுங்கடா!”

வண்டியின் பின்பக்கத்தில் இரண்டு பேர் தொற்றிக்கொண்டு நின்றால் சக்கரம் கீழே இறங்கும். இந்தக் கேவலத்துக்கு அங்கே திறமை என்று பெயர்.

என் தோஸ்த் நல்ல கனத்த உடம்புக்காரன். முதலில் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அவனும் இளித்துக்கொண்டே ஓடுவான்.

“இன்னா மச்சான், நான் ஏறலன்னா வண்டியே நவுராது பாத்தியா” என்று பெருமை வேறு. மடப்பயல்! எத்தனை தடவை திட்டியிருப்பேன்.

ஒரு நாள் மேனேஜர் கூப்பிட்டு இவன் பின்னால் ஏறி நின்றபோது முன்சக்கரம் சாக்கடையின் உடைந்த மூடிக்குள் இறங்கிவிட்டது. தோலெல்லாம் சரிந்து விழுந்தது. அந்தக் குலுக்கலில் இவன் கீழே விழுந்தான். டிரைவர் பதறிப்போய் வண்டியைப் பின்னால் எடுக்க, சக்கரம் இவன் பாதத்தின் மேல் ஏறிவிட்டது. வேலூர் ஆஸ்பத்திரியில் பாதிப் பாதத்தைத்தான் காப்பாற்ற முடிந்தது.

அடுத்து விசாரணை. தப்பு அவன்மேல்தான் என்று முடிவானால் வேலை போய்விடும். பாதிப் பாதத்தோடு விந்தி வருகிறவனை வேறு எந்தக் கம்பெனிக்காரன் உள்ளே விடுவான்? தொழிலாளர் சார்பில் கமிட்டியில் நான் இருந்தேன். எப்படியாவது அவன் வேலையைக் காப்பாற்றிவிட வேண்டும் என்று போய் உட்கார்ந்தேன்.

சென்னையிலிருந்து ஒரு பாதுகாப்பு நிபுணர் வந்திருந்தார். பளபளவென்று ஷூ. அது நனைந்துவிடும் என்று விபத்து நடந்த இடத்தை வாசலில் நின்றே எட்டிப் பார்த்துவிட்டு ஏசி அறைக்குத் திரும்பிவிட்டார். டீயும் முந்திரி பிஸ்கட்டும் வந்தன. எந்த விபத்துக்கும் ‘ஏன்’ என்று ஐந்து தடவை கேட்டால் காரணத்தின் வேர் தெரிந்துவிடுமாம். பெரிய கண்டுபிடிப்பு!

“ஏன் விழுந்தார்?”

“புடிய விட்டுட்டான் சார்” என்றார் மேனேஜர்.

“ஏன் விட்டார்?”

“கை ஈரம் சார்.”

“ஏன் ஈரம்?”

“தொடைக்கல.”

“ஏன் துடைக்கல?”

“அலட்சியந்தான் சார், வேற இன்னா.”

நிபுணர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. நாலு ஏனிலேயே வேர் கிடைத்துவிட்டதே.

“அஞ்சாவது நான் கேக்கறேன் சார்” என்றேன். “அவன் ஏன் ஏறுனான்?”

மேனேஜர் என்னைப் புழுவைப் பார்ப்பதுபோல் பார்த்தார். “அது வேற சப்ஜெக்ட்பா. அவனா இஷ்டத்துக்கு ஏறுனான். வெளையாட்டுப் புத்தி.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எவ்வளவு கூசாமல் புளுகுகிறான் மனுஷன்!

“நீங்கதான சார் கூப்ட்டீங்க? கம்பெனி பூரா கேட்டுச்சே!”

நிபுணர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மேனேஜரை நிமிர்ந்து பார்த்தார். சரி, இந்த ஆளுக்கும் கொஞ்சம் சூடு சொரணை இருக்கிறது என்று நினைத்தேன்.

அப்போது வெளியே ஃபோர்க்லிஃப்ட் ஹாரன் விடாமல் அடித்தது. மேனேஜர் எரிச்சலோடு எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார்.

“இன்னாடா அங்க, லோடு நிக்குது? எவனாவது ரெண்டு பேரு பின்னாடி ஏறுங்கடா!”

ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். “எங்க சார் விட்டோம்?”

நிபுணர் பேனாவை எடுத்துக்கொண்டார்.

“அவரா இஷ்டத்துக்கு ஏறினார்னு சொன்னீங்க” என்றார், எழுதிக்கொண்டே.

அந்த ஒரு வரியை வைத்துத்தான் என் தோஸ்தை வேலையை விட்டுத் துரத்தினார்கள்.